அடுத்த பருவம் வருவதற்குள் தெற்குக் கடலோரம் ஒருமுறை போய்வாருங்கள்

மார்த்தாண்டத்திலிருந்து எழுதியிருக்கும் தம்பி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். நெட்பிளிக்ஸில் வந்த '3 பாடி பிராப்ளம்' தொடரின் முதல் பருவத்தை அவர் இரண்டு முறை பார்த்துவிட்டாராம். அடுத்த பருவம் வருவதற்குள் மூல நாவல்களைப் படித்துவிடலாமா, படித்தால் பார்க்கும் சுவை கெடுமா என்பது முதல் கேள்வி. அதில் காட்டப்படும் அறிவியலில் எவ்வளவு மெய் என்பது இரண்டாவது. அடுத்த பருவத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்பது மூன்றாவது. நாகர்கோவிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு உரிமை இருப்பது இரண்டாவது கேள்வியில்தான். ஆனால் மூன்று நாவல்களையும் படித்தவன், தொடரை வீட்டாரோடு உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் மற்ற இரண்டுக்கும் துணிந்து பதில் சொல்கிறேன். முதல் பருவத்தின் கதை இதில் தாராளமாக வரும். இரண்டாம் நாவலின் முடிச்சை மட்டும் அவிழ்க்க மாட்டேன்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சில வரிகள். மூன்று சூரியன்களால் அழிவுக்கு ஆளாகும் ஓர் உலகத்தார், குடியேற இடம் தேடிப் பூமியை நோக்கிப் புறப்படுவதே கதை. சீன எழுத்தாளர் லியு சிசினின் முதல் நாவல் 2006-இல் ஓர் அறிவியல் புனைவு இதழில் தொடராக வந்து, 2008-இல் நூலானது. கென் லியு செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2014-இல் வெளியாகி, மறு ஆண்டு சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருதைப் பெற்றது. மொழிபெயர்ப்பாக வந்த ஒரு நாவல் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை. டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ், அலெக்சாண்டர் வூ ஆகிய மூவர் உருவாக்கிய நெட்பிளிக்ஸ் தொடரின் முதல் பருவம், 8 பகுதிகளாக, 2024 மார்ச் 21 அன்று வெளியானது. கதையை முடிவுவரை கொண்டுசெல்ல இரண்டாம், மூன்றாம் பருவங்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டதால், பாதியில் கைவிட்டுவிடுவார்களோ என்ற கவலை இந்தத் தொடரைப் பொறுத்தவரை குறைவு.

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குச் சரியான பதிலை எனக்குச் சொல்லித் தந்தவர் எண்பது வயது கடந்த என் அம்மா. வேற்றுலகத்தார் புறப்பட்டுவிட்டார்கள், ஆனால் வந்து சேர நானூறு ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்து உலகமே கலங்கும் கட்டத்தில், நான் அம்மாவுக்குக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் சிறிது நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "நானூறு வருசம் கழிச்சு வாறவனுக்கு இப்பமே எதுக்கு மக்களே பேடிக்கணும்?" என்று கேட்டார். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். பிறகு யோசித்தால், இரண்டாம் பருவம் பதில் சொல்ல வேண்டிய கேள்வியே அதுதான். தக்கலைக்குப் பக்கத்தில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனை 1601-ஆம் ஆண்டளவில் எழுந்தது என்பார்கள். அதன் முதல் உத்திரத்தை ஏற்றிக்கொண்டிருந்த ஆசாரியிடம் ஒருவர் போய், இரண்டாயிரமாம் ஆண்டுக்குச் சற்றுப் பின் இந்த ஊரை அழிக்க ஒரு படை வருகிறது, இப்போதே ஆயத்தமாகு என்று சொல்லியிருந்தால் அவர் உளியைக் கீழே வைத்திருப்பாரா? அவருக்குப் பின் 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்கள் வந்து தோற்றார்கள், அரசுகள் மாறின, மொழிவழி மாநிலங்கள் பிரிந்தன, இந்த மாவட்டமே 1956-இல் வேறு மாநிலத்தோடு சேர்ந்தது. அத்தனை தலைமுறைகளும் ஒரே எதிரியை நினைவில் வைத்துக்கொண்டு, தாங்கள் காணவே போகாத ஒரு போருக்காக வரி கட்டிக்கொண்டும் பட்டினி கிடந்துகொண்டும் இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது எத்தகைய எதிர்பார்ப்பு என்பதைத்தான் இனி வரும் கதை உரசிப் பார்க்கப் போகிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றை நம் கரை பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணி அளவில். குளச்சலையும் கொட்டில்பாட்டையும் அலை தொட்டதும், மணக்குடிப் பாலத்தைப் பெயர்த்துப் போட்டதும் அதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான். செய்தி இருந்தது, நேரமும் இருந்தது, கொண்டுவந்து சேர்க்கத்தான் வழி இல்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007-இல்தான் அமைந்தது. தொடரிலோ செய்தி எல்லோருக்கும் ஒரே நாளில் சேர்ந்துவிடுகிறது, ஆனால் இடையிலுள்ள காலம் மனித மனம் பிடித்துக்கொள்ளக்கூடிய அளவைத் தாண்டிவிடுகிறது. முதல் பருவத்தைப் பார்த்த பலரும் பனாமா கால்வாயில் கப்பல் நறுக்கப்படும் காட்சியைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அதைவிட அச்சம் தந்தது, அதற்கடுத்த பகுதிகளில் மக்கள் மறுபடியும் வேலைக்குப் போகிறார்கள், காதலிக்கிறார்கள், குடிக்கிறார்கள் என்பதே.

ஆகவே அடுத்த பருவத்தில் விண்கலப் போரை எதிர்பார்த்து உட்காருபவர்கள் முதல் சில பகுதிகளில் பொறுமை இழக்கக்கூடும். அது பெரும்பாலும் மனத்துக்குள் நடக்கும் போராகத்தான் இருக்க முடியும், அதற்கான அடித்தளம் நான்காம் பகுதியிலேயே போடப்பட்டுவிட்டது. அந்தக் கப்பலில் இருக்கும், வேற்றுலகத்தாரை வரவேற்கும் கூட்டத்தின் தலைவர் மைக் எவன்ஸ், சிவப்புத் தொப்பிச் சிறுமியும் ஓநாயும் வரும் பிள்ளைக் கதையை வேற்றுலகத்தாருக்குப் படித்துக் காட்டுகிறார். ஓநாய் பாட்டியாக வேடமிட்டது என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. நினைப்பது ஒன்று, சொல்வது வேறொன்று என்பதே அவர்கள் உலகில் இல்லை. பொய் சொல்லத் தெரிந்தவர்களோடு சேர்ந்து வாழ முடியாது என்று தீர்மானித்து அவர்கள் தொடர்பை அறுக்கிறார்கள். சண்டை, குண்டு, இரத்தம் எதுவும் இல்லாத அந்தச் சில நிமிடங்களே முதல் பருவத்தின் அச்சாணி என்பது என் கருத்து. இரண்டாம் முறை பார்த்தபோது அதைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. மூன்றாம் முறை பார்ப்பதாக இருந்தால் அங்கே நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

அதன் விளைவாக வருவதுதான் கடைசிப் பகுதியில் அறிவிக்கப்படும் திட்டம். சோஃபான் என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒற்றர்கள் பூமியில் எதை எழுதினாலும் படிக்கும், எதைப் பேசினாலும் கேட்கும், ஆனால் ஒருவர் தலைக்குள் நினைப்பதை மட்டும் அறியாது. எனவே மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, யாருக்கும் விளக்கம் சொல்லாமல் மனத்துக்குள்ளேயே போர்த் திட்டம் வகுக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறார்கள். நாவலில் இவர்களுக்குரிய சீனச் சொல்லுக்குச் சுவரை நோக்கி அமர்ந்தவர் என்பது பொருள். சுவரை நோக்கி ஒன்பது ஆண்டுகள் பேசாமல் அமர்ந்திருந்ததாகச் சீன மரபு சொல்லும் போதிதருமரின் நிழல் அந்தச் சொல்லில் விழுகிறது. அவர் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர் என்பதும், அவரைக் காஞ்சிபுரத்தோடு இணைத்துப் பேசும் வழக்கம் நம்மிடம் இருப்பதும் தெரிந்ததே. அந்த மூவரில் ஒருவனாக அறிவிக்கப்படும் சால் டுரண்ட், எனக்கு வேண்டாம் என்று மறுக்கிறான். அந்த மறுப்பையும் அவனது இரகசியத் திட்டத்தின் ஒரு பகுதி என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டு புன்னகைக்கிறார்கள். நாடகச் சுவை நிறைந்த இடம் அது. மெய் சொன்னாலும் பொய்யாகவே கொள்ளப்படும் நிலைக்கு ஒருவனைத் தள்ளிவிட்டால் அவன் என்ன செய்வான் என்பதை எப்படிக் காட்டப் போகிறார்கள் என்று அறிய நான் மிகவும் ஆவலாக இருக்கிறேன். வேற்றுலகத்தாரை முதலில் பூமிக்கு அழைத்த விஞ்ஞானி யே வென்ஜி கல்லறையருகே அவனுக்குச் சொல்லும் ஐன்ஸ்டைன் நகைச்சுவைத் துணுக்கையும் மறந்துவிடாதீர்கள். அது நகைச்சுவைக்காக வைக்கப்பட்டதல்ல. இதற்கு மேல் சொன்னால் கொடுத்த வாக்கை மீறியவன் ஆவேன்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நாவல்களில் வெவ்வேறு நாடுகளிலும் காலங்களிலும் வாழும் மாந்தரைத் தொடர் ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்கள் ஐவராகச் சுருக்கிவிட்டது. பார்ப்பவருக்கு அது வசதி, ஐயமில்லை. ஆனால் உலகம் தழுவிய ஆபத்து ஒரு நட்பு வட்டத்தின் வீட்டு விவகாரமாகத் தோன்றிவிடுகிறது. மூன்று நாவல்களிலிருந்தும் கதைத் துண்டுகளை எடுத்து முதல் பருவத்திலேயே கோத்துவிட்டதால் வேகமும் அளவுக்கு மீறிவிட்டது. அந்த ஐவரில் ஒருவனான வில் என்பவனின் காதலும், அவனது மூளையை வேற்றுலகத்தாரை நோக்கி விண்ணில் அனுப்பும் திட்டமும் மூன்றாம் நாவலுக்குரியவை. அடுத்த பருவம் சற்று மூச்சு விட்டு நடந்தால் நன்றாக இருக்கும்.

இனி அறிவியலுக்கு வருகிறேன். தலைப்பில் உள்ள சிக்கல் முழுக்க முழுக்க மெய். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்துச் சுற்றினால் அவற்றின் பாதையை நியூட்டன் 1687-இல் தந்த விதிகளைக்கொண்டு எந்தக் காலத்துக்கும் எழுதிவிடலாம். மூன்றாவது பொருள் ஒன்று சேர்ந்ததும் பொதுவான சூத்திரம் கைநழுவிப் போகிறது. ஸ்வீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் அறுபதாம் பிறந்தநாளையொட்டி அறிவிக்கப்பட்ட போட்டியில் பிரெஞ்சுக் கணித மேதை ஆன்ரி புவான்கரே இதைப் பற்றி எழுதிப் பரிசு பெற்றார். அச்சான பிறகு அதில் பெரிய பிழை இருப்பது தெரியவர, அச்சிட்டவற்றைத் திரும்பப் பெற்றுத் திருத்தி மறுபடி அச்சிடும் செலவை அவரே ஏற்றார். அந்தச் செலவு பரிசுத் தொகையைவிட அதிகம். ஆனால் அந்தப் பிழையைத் திருத்தும்போதுதான், தொடக்க நிலையில் மயிரிழை மாற்றம் இருந்தாலும் பிற்காலப் பாதை முற்றிலும் வேறாகிவிடும் என்பதை அவர் கண்டார். இன்று ஒழுங்கின்மைக் கோட்பாடு என்று வகுப்பில் நடத்துவதன் வேர் அதுதான். தொடரில் மெய்நிகர் விளையாட்டுத் தலைக்கவசத்தை அணிந்து, ஐவரில் ஒருத்தியான ஜின் செங் கண்டுபிடிப்பதும் இதையே: மூன்று சூரியன்கள் எப்போது ஒன்றாக எரிக்கும், எப்போது மூன்றும் விலகி உறையவைக்கும் என்பதற்குப் பஞ்சாங்கம் எழுதவே முடியாது.

மூன்று பொருள்கள் என்றாலே எல்லாம் குழப்பம் என்று எண்ணிவிடவும் கூடாது. மூன்றாவது பொருள் மிகச் சிறியதாக இருந்தால் சில இடங்களில் அது அமைதியாகத் தங்கும். அத்தகைய ஐந்து இடங்களை ஆய்லரும் லக்ராஞ்சும் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுவிட்டார்கள். நம் ஆதித்யா-எல்1 விண்கலம் 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று போய்ச் சேர்ந்தது அத்தகைய இடத்தில்தான், பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டரில். சூரியன், பூமி, விண்கலம் என்று அதுவும் ஒரு மூன்று பொருள் கணக்கே. அதை ஏற்றிச்சென்ற பி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தின் இரண்டாம் கட்டத்தில் இருக்கும் விகாஸ் எந்திர வகையைச் சோதிக்கும் இஸ்ரோ வளாகம், ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் தெரியும் மகேந்திரகிரியின் அடிவாரத்தில் இருக்கிறது. சிக்கல் தொலைதூரக் கதை அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது அந்த மூன்று சூரியன்கள். நாவலில் அது நமக்கு மிக அருகிலுள்ள ஆல்ஃபா சென்டாரி அமைப்பு. வெறுங்கண்ணுக்கு ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் அது உண்மையில் இரட்டை என்று முதலில் கண்டவர் ழான் ரிஷோ என்ற இயேசு சபைத் துறவி. கண்ட இடம் புதுச்சேரி, காலம் 1689 டிசம்பர். வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. உலகப் புகழ்பெற்ற தொடரின் கதைக்களத்தைப் பற்றிய முதல் பெருங்கண்டுபிடிப்பு தமிழ்க் கரையில் நடந்தது என்பது நம் பாடநூல்களில் ஏன் இல்லையோ, எனக்கு விளங்கியதில்லை. மூன்றாவதான பிராக்சிமா மங்கலான சிவப்புக் குறுமீன்; அதை ராபர்ட் இன்னெஸ் 1915-இல்தான் கண்டுபிடித்தார். அதைச் சுற்றி ஒரு கோள், 11 நாள்களுக்குச் சற்று மேற்பட்ட சுற்றுக் காலத்தோடு, இருப்பது 2016-இல் தெரியவந்தது.

கதை மெய்யிலிருந்து விலகுவது இந்த இடத்தில்தான். பெரிய இரண்டு விண்மீன்களும் சுமார் 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. பிராக்சிமாவோ அவற்றிலிருந்து, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப்போல் ஏறத்தாழ 13,000 மடங்கு தள்ளி இருக்கிறது. வீட்டுக்குள் கணவனும் மனைவியும் நாள்தோறும் உரசிக்கொண்டிருக்க, மைத்துனர் மட்டும் வளைகுடாவில் வேலை பார்ப்பது போன்ற ஏற்பாடு. மைத்துனரால் குடும்பத்தில் பெரிய குழப்பம் நேர வழியில்லை. எனவே உண்மையான ஆல்ஃபா சென்டாரி மிகவும் ஒழுங்கான குடும்பம், தொடரில் காட்டப்படும் பேரழிவுகள் அங்கே நிகழா. மூன்றும் சரிநிகராக அருகருகே இருக்கும் அமைப்பை ஆசிரியர் கற்பனை செய்துகொண்டார். அப்படி அமைந்தால் ஒன்று வெளியே தூக்கி எறியப்படும் வாய்ப்பே அதிகம்.

தொலைவைப் பற்றிய கணக்கு சரியானது. ஓர் ஒளியாண்டு சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர், பிராக்சிமா 4.24 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. 1977-இல் புறப்பட்ட வாயேஜர்-1 விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் அங்கே போய்ச்சேர 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நானூறு ஆண்டில் வர வேண்டுமானால் ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது விநாடிக்கு 3,000 கிலோமீட்டர் வேண்டும். கன்னியாகுமரியில் புறப்பட்டு ஒரு விநாடியில் காஷ்மீரைத் தொடும் வேகம் அது. வில்லின் மூளையைச் சுமந்த கலத்தை 300 அணுகுண்டுகளை அடுத்தடுத்து வெடித்துத் தள்ளும் திட்டமும் இதே வேகத்தைக் குறிவைத்ததுதான். அணுகுண்டு வெடிப்பால் விண்கலத்தைத் தள்ளலாம் என்பது கதாசிரியரின் புது எண்ணமல்ல. 1958-இல் தொடங்கிய ஓரியன் என்ற அமெரிக்கத் திட்டத்தில் ஃப்ரீமன் டைசன் போன்றவர்கள் உண்மையாகவே கணக்குப் போட்டார்கள். வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் அணுச் சோதனைகளைத் தடைசெய்த 1963-ஆம் ஆண்டு உடன்படிக்கை வந்ததும் அதற்கு வழி அடைபட்டது.

சோஃபான்கள் மட்டும் முழுக் கற்பனை. ஒரு புரோட்டானை விரித்து அதில் கணினியைச் செதுக்கி மறுபடி மடிப்பதற்கு இன்று எந்த அடிப்படையும் இல்லை. அதைவிடப் பெரிய மீறல், பிணைந்த துகள்களின் வழியே நான்கு ஒளியாண்டுக்கு அப்பால் உடனுக்குடன் பேசிக்கொள்வது. இரண்டு துகள்கள் பிணைந்திருக்கும் என்பது மெய், ஆனால் அந்தப் பிணைப்பை வைத்து ஒளியை முந்திச் செய்தி அனுப்ப முடியாது என்பதும் குவாண்டம் இயற்பியலின் உறுதியான முடிவு. கதை நகர்வதற்காக ஆசிரியர் எடுத்துக்கொண்ட இந்த ஓர் உரிமையை நான் மன்னித்துவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தவிர மற்ற இடங்களில் தூரமும் காலமும் மனிதர்களை வருத்துவதை அவர் எங்கும் மழுப்பவில்லை.

இப்போது தலைப்பில் சொன்னதற்கு வருகிறேன். இந்தியப் பெருநிலத்தில் அந்த விண்மீனை மிக நன்றாகப் பார்க்க வாய்த்தவர்கள் நாம். தில்லியில் அது அடிவானத்தை உரசுவதோடு சரி. சென்னையில் உச்சத்தில் 16 பாகை உயரம் ஏறும். நம் மாவட்டத்தின் தென்முனையில் சுமார் 21 பாகை. கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அது வானத்தில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும் என்பதால், கடல் விளிம்பிலிருந்து இரண்டு முட்டி உயரத்தில் தேட வேண்டும். ஏப்ரல் இறுதியில் நள்ளிரவிலும், மே மாத நடுவில் இரவு பதினொரு மணி அளவிலும் அது நேர் தெற்கே நிற்கும். சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் பாறை போன்று தெற்கே கடல் திறந்துகிடக்கும் எந்த இடமும் போதும். முதலில் சாய்ந்த பட்டம் போன்ற தென்சிலுவையைக் கண்டுபிடியுங்கள். அதற்கு இடப்புறம், அதாவது கிழக்கே, அருகருகே இரண்டு பிரகாசமான மீன்கள் இருக்கும். சிலுவையிலிருந்து தள்ளி, சற்றே மஞ்சள் சாயலோடு, இரண்டில் அதிக ஒளியுடன் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. இரவு வானில் சீரியஸுக்கும் அகத்திய மீனுக்கும் அடுத்த ஒளி அதற்கே. கிழக்குக் கரை விசைப்படகுத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை சின்னமுட்டம் பக்கம் படகு விளக்குகளும் குறைவாக இருக்கும். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவ மேகம் வந்து மூடிவிடும், தள்ளிப்போடாதீர்கள்.

கடலோரப் பெரியவர் யாரேனும் உடன் இருந்தால் இன்னும் நல்லது. விண்மீனை 'வெள்ளி' என்றே சொல்லும் அவர்கள், கரையில் தெரியும் மலைமுகட்டையும் அதற்கு முன்னால் நிற்கும் கோபுரத்தையும் ஒரே கோட்டில் பிடித்து, படகு நகர நகர அருகிலுள்ளது தூரத்தில் உள்ளதைவிட வேகமாக விலகுவதைக்கொண்டு, கடலடிப் பார், அதாவது பாறைத் திட்டு, எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். தாமஸ் ஹெண்டர்சன் 1832, 1833 ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இருந்து ஆல்ஃபா சென்டாரியின் தொலைவை அளக்கக் கையாண்டதும் இதே உத்திதான். அவருக்குப் படகு பூமி, கோபுரம் இந்த விண்மீன், மலைமுகடு அதற்கும் பின்னால் உள்ள வானம். விலகல் எவ்வளவு சிறிது என்றால், ஒரு ரூபாய் நாணயத்தை ஆறு கிலோமீட்டர் தொலைவில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு கோணத்தில் தெரியுமோ அவ்வளவு.

கடைசியாக நாவல்களைப் பற்றி. முதல் நாவலைத் தயங்காமல் படியுங்கள். தொடர் அதன் கதையைப் பெரும்பாலும் சொல்லி முடித்துவிட்டதால் சுவை கெட வழியில்லை, மாறாகத் தொடர் அவசரமாகக் கடந்துபோன பண்பாட்டுப் புரட்சிக் கால வாழ்வும் யே வென்ஜியின் மனம் கல்லானதும் நிதானமாகக் கிடைக்கும். ஆங்கில நூல் அந்தக் காலத்தில் தொடங்குகிறது, சீன நூலிலோ அப்பகுதி நடுவில் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. இரண்டாம் நாவலை, ஜோயல் மார்ட்டின்சென் மொழிபெயர்ப்பு, அடுத்த பருவம் முடியும்வரை தள்ளிவையுங்கள் என்பதே என் யோசனை. அதன் இறுதியில் வரும் ஒரு விளக்கத்தை முதன்முறை சந்திக்கும் அதிர்ச்சி வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். அதைத் திரையில் பெறுவதா பக்கத்தில் பெறுவதா என்பது உங்கள் விருப்பம்; நான் பக்கத்தில் பெற்றேன், அதில் வருத்தமில்லை. ஆனால் அதன் முன்பாதி மெதுவாக நகரும் என்பதையும், பெண் மாந்தரை லியு சிசின் பொம்மைகளாக நிறுத்திவிடுகிறார் என்பதையும் தெரிந்தே தொடங்குங்கள். இந்த இரண்டிலும் தொடர் நூலை மிஞ்சும் என்று நம்புகிறேன். மூன்றாம் நாவலைத் தொடவே வேண்டாம், அதிலிருந்து எது எப்போது திரைக்கு வரும் என்று இந்த உருவாக்குநர்களின் போக்கில் சொல்ல முடியாது. காத்திருக்கும் நாள்களுக்குத் துணை வேண்டுமானால், சீனாவில் 2023-இல் டென்சென்ட் வெளியிட்ட 30 பகுதித் தொடர் இருக்கிறது. முதல் நாவலை ஏறக்குறைய வரிக்கு வரி பின்தொடர்கிறது, மிகவும் நிதானம், ஆனால் காவலர் தா ஷி அதில் நம்மூர்க் காவல் நிலையத்தில் பார்க்கக்கூடிய மனிதராகவே இருக்கிறார்.

அந்தத் தா ஷிதான் நெட்பிளிக்ஸ் தொடரின் கடைசிக் காட்சியிலும், மனம் உடைந்த இருவரைச் சதுப்பு நிலத்துக்கு அழைத்துப்போய்ப் பூச்சிகளைக் காட்டுகிறார். நீங்கள் பூச்சிகள் என்று வேற்றுலகத்தார் இகழ்ந்ததற்கு அவர் தரும் பதில் அது: பூச்சிகளை ஒழிக்க மனிதன் எத்தனை காலமாக முயல்கிறான், அவை போய்விட்டனவா? காண்டாமிருக வண்டோடும் சிவப்புக் கூன்வண்டோடும் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டும் நம் தென்னை விவசாயிகளுக்கு அந்தக் காட்சிக்கு உரை தேவைப்படாது. அம்மாவும் அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

முதல் பருவம் வெளியான 2024 மார்ச் 21 அன்று ஆல்ஃபா சென்டாரியிலிருந்து கிளம்பிய ஒளி இன்னமும் வழியில் இருக்கிறது. பிராக்சிமாவைவிடச் சற்றுத் தொலைவான 4.37 ஒளியாண்டுகளைக் கடந்து அது சொத்தவிளைக்கு வருவது 2028 ஆகஸ்டுத் தொடக்கத்தில். அந்த மாதத்தில் மாலை ஏழேகால் மணிக்கு அந்த மீன் நேர் தெற்கிலிருந்து சற்று மேற்கே சாய்ந்து, ஏறக்குறைய அதே இரண்டு முட்டி உயரத்தில் நிற்கும். ஆடி மேகம் விலகி வழிவிட வேண்டும், அவ்வளவுதான்.